ஐந்து கோடி முட்டையும் கரும்பலகையில் நான்கு வட்டங்களும்

கல்லூரியில் எங்களுக்குப் பொருளாதாரப் புவியியல் எடுத்த பேராசிரியர் கரும்பலகையில் வட்டம் போடுவதில் கெட்டிக்காரர். சாக்பீசில் ஒரு நூலைக் கட்டுவார், நூலின் மறுமுனையைக் கட்டைவிரலால் பலகையில் அழுத்திக்கொள்வார், அப்புறம் ஒரே சுற்று. அப்படி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நான்கு வட்டம். நடுவில் வைக்கும் புள்ளிதான் நகரம். முதல் வட்டத்தில் பாலும் காய்கறியும். இரண்டாவதில் விறகுக்காடு. மூன்றாவதில் தானியம். கடைசி வட்டம் மேய்ச்சல் நிலம். ஆடுமாடு தன் காலாலேயே நடந்து சந்தைக்கு வந்துவிடும் என்பதால் அது எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பாதகமில்லை.

வான் தூனன் என்ற ஜெர்மானியர் 1826இல் சொன்னது இது. வடக்கு ஜெர்மனியில் தெல்லோ என்ற ஊரில் சொந்தமாகப் பண்ணை நடத்தியவர். வரவு செலவை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்து, அந்தக் கணக்கிலிருந்து இந்த வட்டங்களை எடுத்தார். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலிதான் எந்த நிலத்தில் எதைப் பயிரிடலாம் என்று தீர்மானிக்கிறது என்பது அவர் முடிவு. விறகு நகரத்தின் காலடியிலேயே இருக்க வேண்டும் என்று பேராசிரியர் சொன்னதும் வகுப்பு சிரித்தது. நாங்கள் கேஸ் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

நான் கையைத் தூக்கினேன். "சார், முட்டை எந்த வட்டத்தில் வரும்?"

"உடையும் பொருள், கெட்டுப்போகும் பொருள். முதல் வட்டம்தான்."

"அப்படியென்றால் நாமக்கல் எந்த நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, சார்?"

அவர் கொஞ்சநேரம் வட்டங்களையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீ எந்த ஊர்?" என்று கேட்டார்.

நான் நாமக்கல் மாவட்டம். அம்மாவின் ஊர் புதுச்சத்திரம் பக்கத்து மேட்டுக்காடு. அப்பச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அங்கே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். இப்போது மாமா பார்த்துக்கொள்கிறார். அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இருபது ஆண்டுகளாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

பாடத்திட்டம் இந்தத் துறையை அலகு அலகாகப் பிரித்துத்தான் கொடுக்கும். வேளாண் புவியியல், தொழிலகப் புவியியல், போக்குவரத்துப் புவியியல், வணிகப் புவியியல், வளங்களின் புவியியல். இப்போது நிதிக்கும் சேவைத் துறைக்கும் தனித்தனிக் கிளைகள் முளைத்திருக்கின்றன. 1889இல் சிசோம் என்ற ஸ்காட்லாந்துப் புவியியலாளர் வணிகப் புவியியலுக்கு ஒரு கையேடு எழுதினார். எந்தச் சரக்கு எந்த நாட்டில் கிடைக்கும், எந்தத் துறைமுகம் வழியாகப் போகும் என்று பட்டியலிடும் வேலை அது. பேரரசு நடத்தியவர்களுக்கு அந்தப் பட்டியல் தேவைப்பட்டது. அங்கிருந்து வளர்ந்து, "இது ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை?" என்று கேட்கும் துறையாக இது மாறியது. தேர்வுக்காக ஒவ்வோர் அலகுக்கும் தனி நோட்டு வைத்திருந்தேன். அப்பச்சியின் கொட்டகைக்குள் நுழைந்தால் அந்த நோட்டுகள் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருக்கும், வெயில் நேராக உள்ளே விழாதபடி. தூண்களின் மேல் உயரத்தில் மூன்று அடுக்காகக் கம்பிக் கூண்டுகள். கூண்டின் அடித்தளம் முன்பக்கம் சரிந்திருப்பதால் கோழி இட்ட முட்டை உருண்டு வந்து விளிம்பில் நிற்கும். பெண்கள் அதை எடுத்து அட்டையில் அடுக்குவார்கள். அட்டைக்கு 30 முட்டை, ஏழு அட்டை சேர்ந்தால் ஒரு பெட்டி, 210. அம்மாயி, அம்மாவின் அம்மா, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கீறல் முட்டையைப் பிரிப்பார். இரண்டு முட்டைகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டுவார். நல்ல முட்டை கணீரென்று சொல்லும். கீறல் விழுந்தது மொத்தையாகச் சத்தம் போடும். கண் பார்வை மங்கிய பிறகும் அந்தக் காது மங்கவில்லை. "அட்டைக்கு ஒன்று போனால் அன்றைக்கு நாம் கோழிக்குத்தான் சம்பளம் கொடுத்தோம் கண்ணு" என்பார். சாயங்காலம் லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினால், இரவோடு இரவாக வாளையாரைத் தாண்டி விடியும்போது கேரளத்துக் கடையில் இருக்கும்.

தூனன் கணக்கில் இது நடக்கக் கூடாத காரியம். அவருடைய உலகத்தில் வண்டி என்றால் குதிரை வண்டி. கெட்டுப்போகும் பொருள் ஒரு பகலுக்குள் போய்ச்சேர வேண்டும். லாரி வந்தபோது முதல் வட்டம் முந்நூறு கிலோமீட்டருக்கு விரிந்துவிட்டது. அந்த அளவுக்கு நாமக்கல்லைக் கேரளத்தின் முதல் வட்டம் என்று சொல்லிவிடலாம். பேராசிரியரும் பிறகொரு நாள் அப்படித்தான் சமாளித்தார். ஆனால் கேரளத்தைச் சுற்றி எத்தனையோ ஊர்கள் இருக்க, இந்த மேட்டுக்காடு மட்டும் ஏன்?

அடுத்த அலகுக்குப் போனால் சிக்கல் இன்னும் முற்றும். 1909இல் ஆல்ஃபிரட் வெபர் தொழிற்சாலை எங்கே அமையும் என்பதற்கு ஒரு விதி சொன்னார். மூலப்பொருள் தயாரிப்பின்போது எடை இழக்குமானால் ஆலை மூலப்பொருளுக்குப் பக்கத்தில் அமையும். எடை குறையாத பொருளென்றால் சந்தைக்குப் பக்கத்திலும் அமையலாம். இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே அழகான உதாரணம் உண்டு. காவிரிக் கரையில் மோகனூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. பத்து டன் கரும்பை அரைத்தால் ஏறக்குறைய ஒரு டன் சர்க்கரைதான் வரும். மீதி ஒன்பது டன்னைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய யாருக்கும் பைத்தியம் இல்லை. ஆகவே ஆலை கரும்புக் காட்டுக்கே வந்துவிட்டது. வெபர் ஜெயித்தார்.

இப்போது கோழியைப் பாருங்கள். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அது இடும் முட்டை 55 கிராம்கூட வராது, அதுவும் தினமும் தவறாமல் இடாது. நாமக்கல் வட்டாரத்தில் நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது. பேச்சுக்கு ஐந்து கோடி என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், தினமும் உள்ளே வர வேண்டிய தீவனச் சரக்கு ஆறாயிரம் டன்னுக்கு மேல். வெளியே போகும் முட்டை 2,700 டன் அளவில். பாதிக்கு மேல் எடை இழப்பு. அந்தத் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அது கர்நாடகத்தின் தாவணகெரே, ஹாவேரி பக்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறது. சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்திலிருந்து. தமிழ்நாட்டில் பெரம்பலூர் போன்ற இடங்களில் மக்காச்சோளம் நிறையவே விளைகிறது, ஆனால் ஆறு கோடிக் கோழியின் வாய்க்கு அது எந்த மூலைக்கு? வெபர் விதிப்படி பண்ணைகள் தாவணகெரேயில் இருந்திருக்க வேண்டும்.

வெபர் எடையைத்தான் கணக்கில் எடுத்தார். அம்மாயி தட்டிப் பார்த்த கீறலை எடுக்கவில்லை. மக்காச்சோள மூட்டையை லாரியில் எறியலாம், மிதிக்கலாம், வாரக்கணக்கில் அடுக்கி வைக்கலாம். முட்டையை அப்படிச் செய்ய முடியாது. ஒரு டன் சோளத்தை ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுவரும் தொல்லையைவிட ஒரு டன் முட்டையை முந்நூறு கிலோமீட்டர் கொண்டுபோகும் தொல்லை பெரிது. இதுவும் பாதி பதில்தான். காற்றில் ஈரம் குறைந்த எங்கள் பக்கத்து வறண்ட வானிலை முட்டைக்கோழிக்குத் தோதானது என்பது இன்னொரு கால் பதில். மீதிக்கு லாரியைத்தான் பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் நெடுஞ்சாலையில் நான் அலுக்காமல் பார்த்த காட்சி ஒன்று உண்டு. கூரையும் கதவும் பாடியும் இல்லாத வெறும் சேசிஸ் லாரி. ஆறு சக்கரம், இரண்டு நீளக் கம்பம், எஞ்சின், ஒரு ஸ்டியரிங். அதன் பின்னால் பலகை இருக்கையில், தலையில் துண்டைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்ட டிரைவர், காற்றில் சட்டை பலூன் மாதிரி உப்ப, ஒரு எலும்புக்கூட்டை ஓட்டிக்கொண்டு வருவார். எங்கோ தொலைவில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து நேராக நாமக்கல் பட்டறைக்கு. அங்கே தச்சர், கொல்லர், வெல்டர், எலெக்ட்ரீசியன், சீட் தைப்பவர், கண்ணாடி போடுபவர், பெயின்டர் என்று பத்துக் கை பட்டு, சில வாரங்களில் நெற்றியில் குலசாமி பெயரோடு புதுமாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். ஒரு பட்டறைக்கும் இன்னொரு பட்டறைக்கும் இடையே போட்டி உண்டு. ஆனால் ஒரு போல்ட்டு குறைந்தால் பக்கத்துப் பட்டறைக்குத்தான் பையனை அனுப்புவார்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் தொழில் ஊர்களில் கவனித்ததும் இதைத்தான். ஒரே தொழில் செய்பவர்கள் ஓரிடத்தில் குவிந்தால் தொழில் நுணுக்கம் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடுகிறது, பிள்ளைகள் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே கற்றுக்கொள்கிறார்கள். இப்போது கம்பெனிகளே கேபினோடு முழு லாரியை விற்கத் தொடங்கிவிட்டதால் பட்டறைகளில் அந்தப் பழைய நெரிசல் இல்லை.

நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013இல்தான், சேலம்–கரூர் பாதை திறந்தபோது. திருச்செங்கோட்டுக்கு இன்றும் ரயில் கிடையாது. ஆனால் காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை நாமக்கல் வழியாகப் போகிறது. ரயில் இல்லை, சாலை இருக்கிறது, மழை போதாது, மேட்டுக்காட்டில் போட்ட பணம் திரும்பி வராது. அந்தப் பணத்தைச் சக்கரத்தில் போட்டார்கள். இதை வைத்துக்கொண்டு "வறட்சி எங்களை உழைப்பாளிகளாக்கியது" என்று எங்கள் ஊர் மேடைகளில் பெருமை பேசுவார்கள். நான் அதை நம்புவதில்லை. ராமநாதபுரத்திலும் வறட்சி உண்டு, உழைப்பும் உண்டு. அங்கே லாரிப் பட்டறைகள் முளைக்கவில்லை. இங்கே நிலம் வைத்திருந்தவர்களிடம் கொஞ்சம் பணம் இருந்தது. நாலு பேர் பங்கு போட்டு ஒரு லாரி வாங்கினார்கள். அது சம்பாதித்ததில் இரண்டாவது. கடன் சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் சுற்றியது. அந்தச் சுற்றுக்கு வெளியே நின்றவர்களுக்குக் கிளீனர் வேலை கிடைத்தது. நிதிப் புவியியல் என்ற கிளையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது எங்கள் ஊர்க் கல்யாண மண்டபங்களில் பந்திக்குப் பிறகு நடந்த பங்குப் பேச்சுதான்.

லாரி கைவசம் இருந்ததால் அதன் முதுகில் எதையெதையோ ஏற்றிப் பார்த்தார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கை ஏற்றினார்கள். ஒரு ரிக் வண்டி, பின்னாலேயே ராடும் டீசலும் ஆட்களும் ஏற்றிய துணை லாரி. இரண்டும் சேர்ந்து ஊரைவிட்டுக் கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்பி வராது. ராஜஸ்தானிலோ சத்தீஸ்கரிலோ காட்டுக்குள் எங்கேயாவது புழுதி கிளம்பினால் பக்கத்தில் போய் நம்பர் பலகையைப் பாருங்கள், டி.என். 34 என்று இருக்க வாய்ப்பு அதிகம். 1933இல் கிறிஸ்டாலர் தெற்கு ஜெர்மனியை வைத்து, ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தேனடை அறை மாதிரி ஒரு எல்லைக்குள் சேவை செய்யும் என்று படம் வரைந்தார். மளிகைக்கும் துணிக்கும் திருச்செங்கோடும் அப்படித்தான், சுற்றுவட்டாரத்துக்குச் சந்தை. கிணறு தோண்டுவதற்கு மட்டும் அந்தத் தேனடை அறை இந்தியா அளவுக்கு இருக்கிறது. கேஸ் டேங்கர் லாரிகளும் அப்படியே. தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர் சங்கம் நாமக்கல்லில்தான் இயங்குகிறது. அவர்கள் வண்டியை நிறுத்தினால் சென்னையிலும் கொச்சியிலும் செய்தியாகும். தூனனின் விறகு வட்டத்தை அழித்தவர்களில் எங்கள் ஆட்களும் சேர்த்தி. வகுப்பில் சிரித்தபோது இது எனக்குத் தெரியாது.

முட்டைக்கும் இதே லாரிதான் வழி. சோளத்தைக் கொண்டுவரவும் முட்டையைக் கொண்டுபோகவும் வண்டியும் டிரைவரும் பட்டறையும் ஊரிலேயே இருந்தன. பண்ணைகள் பெருகப் பெருகத் தீவன ஆலை வந்தது, மருந்துக் கடை வந்தது, அட்டை தயாரிப்பவர் வந்தார், 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது. வர வர, புதிதாகப் பண்ணை வைப்பவனுக்கு வேறு ஊரைப் பார்க்கக் காரணமே இல்லாமல் போயிற்று. தற்செயலாக முந்திக்கொண்ட இடம் குவியலின் பலத்தால் முந்தியே நிற்கும் என்பதைக் கணக்கோடு காட்டியவர்களில் ஒருவர் பால் குரூக்மன். வர்த்தகத்தையும் புவியியலையும் சேர்த்து ஆராய்ந்ததற்கு அவருக்கு 2008இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அப்பச்சிக்கு இதை விளக்க முயன்றேன். "எல்லோரும் இங்கே வைத்தார்கள், நானும் வைத்தேன். இதற்கா பரிசு?" என்றார்.

இடையில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டம் விடுதிப் பள்ளிகளுக்கும் பேர்போனது. ஒரு காலத்தில் மாநில ரேங்க் வாங்கித்தந்த அந்தப் பள்ளிகளைப் "பிராய்லர் பள்ளி" என்று பத்திரிகைகளில் கிண்டல் செய்வார்கள். கிண்டல் சரி, புவியியல் தவறு. பிராய்லருக்கு நீங்கள் பல்லடம் போக வேண்டும். நாமக்கல்லில் வளர்வது லேயர், முட்டைக்கோழி. பிராய்லருக்கு ஆறேழு வாரத்தில் கதை முடியும். லேயர் ஒன்றரை ஆண்டு கூண்டில் நின்று தினமும் கணக்குக் காட்ட வேண்டும். பள்ளிக்கு எது பொருத்தம் என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

வணிகப் புவியியல் எங்கள் வீட்டில் "இன்றைக்கு விலை என்ன?" என்ற கேள்வியாக வரும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் தொடங்கப்பட்டது. அதுவரை வியாபாரி சொன்னதே விலை. பிறகு நாமக்கல் மண்டலத்துக்கென்று ஒரு விலை அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவித்த விலை கைக்கு வராது. வியாபாரி அதில் கொஞ்சம் பைசாவைக் கழித்துக்கொண்டுதான் எடுப்பார். அந்தக் கழிவுக்குப் பெயர் மைனஸ். மாமாவிடம் பேசினால் விலையைவிட மைனஸ் பற்றித்தான் அதிகம் பேசுவார். சபரிமலை மாலை, புரட்டாசி விரதம், வடநாட்டுக் குளிர், எல்லாம் அந்தப் பைசாவுக்குள் இருக்கும். சத்துணவில் 1989இல் முட்டை சேர்ந்தது, 2010இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் ஒரு நிலையான சந்தையாக நின்றதால்தான் பல பண்ணைகள் கெட்ட வருடங்களைத் தாண்டின. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது இங்கே ஒரு கோழிக்கும் தும்மல்கூட இல்லை. ஆனாலும் முட்டையை வாங்க ஆளில்லை. 2024 இறுதியில் கத்தார் 60 கிராமுக்குக் குறைந்த முட்டை வேண்டாம் என்றது. எங்கள் கோழியின் முட்டை ஐம்பத்துச் சொச்சம். "கோழியிடம் போய்க் கத்தார் சட்டத்தை வாசித்துக் காட்டவா?" என்று மாமா கேட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் சரக்குப் போன பாதை. அதே பாதையில் வேறொன்றும் போய் வந்தது. 2000களின் தொடக்கத்தில் எச்.ஐ.வி. பாதிப்பு அதிகமுள்ள மாவட்டங்களைப் பற்றி நாட்டில் எங்கே பேச்சு எழுந்தாலும் நாமக்கல் பெயர் வந்தது. மாதக்கணக்கில் வண்டியிலேயே வாழ்ந்த டிரைவர்கள், கிளீனர்கள், ஒன்றும் அறியாத அவர்கள் மனைவிகள். ஊரில் இளம் வயது மரணங்களுக்கு "மஞ்சள் காமாலை" என்று ஒரு பொதுப்பெயர் இருந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் பஸ் ஏறிப் போனவர்களை எனக்குத் தெரியும். போக்குவரத்துப் புவியியல் நோட்டில் நான் வரைந்த சாலை வரைபடத்தின் மேல் அந்த நோயின் வரைபடத்தை வைத்தால் கோடுகள் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று விழும். தேர்வுக்கு அது வரவில்லை. நாட்டுக்கெல்லாம் கிணறு போட்ட ஊர்களிலேயே ஆயிரம் அடி தோண்டியும் புழுதி மட்டும் வருகிறது என்பதும் எந்த நோட்டிலும் இல்லை.

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து யாருடனோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கற்ற இந்தியில்லை. இளவயதில் ரிக் வண்டியோடு சுற்றியபோது ஒட்டிக்கொண்டது. "பாரிஷ் ஹை க்யா?" என்று இரண்டு முறை கேட்டார். மறுமுனையில் இருந்தவர் பீகார் பூர்ணியாவில், குலாப்பாக் சந்தையில் மக்காச்சோள வியாபாரி. இப்போது சோளத்தை, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகளும் வாங்குகின்றன. 2024இல் இந்தியா ஏற்றுமதி செய்ததைவிட இறக்குமதி செய்த மக்காச்சோளம் அதிகம். கோழியும் காரும் ஒரே மூட்டைக்கு அடித்துக்கொள்கின்றன. போனை வைத்த மாமா பூர்ணியாவை வரைபடத்தில் காட்டச் சொன்னார். காட்டினேன். நேபாளத்துக்குப் பக்கத்திலா இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். அத்தனை வருடம் அங்கிருந்து வாங்கியும் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்ததில்லை.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் பூர்ணியாவின் வானிலையைத் தேடினார். களத்தில் காயும் சோளம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சைச் சோளம் தின்ற கோழி முட்டையைக் குறைக்கும். நாளை அங்கே மழை வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கேட்டார். படித்துச் சொன்னேன். அதற்குள் எங்கள் தலைக்கு மேல் கோடை இடி ஒன்று இறங்கியது, கொட்டகையில் கோழிகள் மொத்தமாகக் கூச்சலிட்டன, அத்தை துணி எடுக்க ஓடினார். மாமா நிமிரவில்லை. "நாளைக்கு மறுநாள்?" என்றார்.